ரோட்டோரத் தண்ணீர்: மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து சில குறிப்புகள்

சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மரக்காணம் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். சதுரம் சதுரமாகப் பாத்தி. வரப்போரம் வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரம், ஓலை போட்டு மூடியது பாதி, மூடாதது பாதி. படம் எடுக்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதே சாலையோரத்தில், வேகமாகப் போகும் வண்டியிலிருந்து கண்ணில் படாத இன்னொன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. குழிக்குள் பாதியாக அறுத்த நீலநிறப் பிளாஸ்டிக் டிரம் புதைந்திருக்கிறது. கொஞ்சம் மேலே, செங்கல் வைத்துச் சிமென்ட் பூசிய ஒரு சின்னப் பெட்டி, மூடி உடைந்து கிடக்கிறது. பெட்டிக்குள் குடிநீர்க் குழாயின் ஏர்வால்வு. வால்வின் கழுத்தில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றி, அதன் மறுமுனையை டிரம்முக்குள் தொங்கவிட்டிருக்கிறார்கள். முனையில் வேட்டித்துணி. டிரம்முக்கு மூடியாக ஒரு பழைய பிளெக்ஸ் பேனர், காற்றில் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் கல். பேனரில் கும்பிட்டுச் சிரிக்கும் தலைவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கட்சியானாலும் சிரிப்பு ஒன்றுதான். பக்கத்தில் வரிசையாகக் குடங்கள். குடம் இல்லாத இடத்தில் உடைந்த பக்கெட், செங்கல், ஒரு செருப்பு. செருப்பும் வரிசையில்தான் நிற்கிறது. அதற்குச் சொந்தக்காரி உப்பளத்தில் நிற்கிறாள்.

நாலடி தள்ளி இன்னொரு குழி, இதைவிடப் பழசு. உள்ளே குடைந்த பனந்துண்டு ஒன்றை உறை மாதிரி இறக்கியிருக்கிறார்கள். பாதி மணல் தூர்ந்துவிட்டது.

இந்த ஏற்பாடு என்னை ரொம்ப நாளாகக் குழப்பிக்கொண்டிருந்தது. தண்ணீர்தான் வேண்டுமென்றால் குழாயில் ஓட்டை போட்டு ஒரு பைப்பை மாட்டிவிடலாமே, எதற்கு இந்தச் சைக்கிள் டியூப்? தெருவுக்குக் குழாய் போட்டாயிற்று என்று கணக்குச் சொல்கிறபோது பெண்கள் லாரி ஓடுகிற ரோட்டுக்கு ஏன் வருகிறார்கள்? ஒரே இடத்தில் எதற்கு இரண்டு குழி? வரலாறு எழுதுகிறவர்களுக்குப் படிக்கக் கல்வெட்டு இருக்கிறது, செப்பேடு இருக்கிறது. நமக்கு எவன் கல்லில் வெட்டித் தந்தான்? குழியைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

பழைய குழியிலிருந்து தொடங்கலாம். எம்.ஏ. தமிழ் வகுப்பில் நெய்தல் திணைக்குக் கருப்பொருள் பட்டியல் ஒன்று சொல்லித் தருவார்கள். தெய்வம் வருணன், தொழில் மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும், நீர் மணற்கிணறும் உவர்க்கழியும். அந்த மணற்கிணறுதான் இந்தப் பனந்துண்டுக் குழி. கடலோர மணல்மேட்டில் பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, அடியிலே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, அதனால் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பதடி நிற்கும் என்று 1888இல் டச்சுக்காரர் கைபன், 1901இல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் எழுதினார்கள். அவர்கள் பெயரில் விதியே இருக்கிறது. மேலே ஓரடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு நாற்பதடி ஏறிவரும் என்பதும் அதே விதிதான். இங்கேயுள்ள கிழவிகளுக்கு விதியின் பெயர் தெரியாது. கொட்டாங்கச்சியால்தான் மொள்ளணும், பக்கெட்டை விடக்கூடாது, ஒரு முழம் கூடத் தோண்டினாலும் கரிச்சிடும் என்று தெரியும். மணற்கேணி தோண்டத் தோண்ட ஊறும் என்று கல்விக்கு உவமை சொன்னார் வள்ளுவர். இந்தக் கரையில் தோண்டத் தோண்ட வருவது உப்பு. எங்கே தோண்டுவதை நிறுத்த வேண்டும் என்பதுதான் இங்கே கல்வி.

மோட்டார்க்காரனுக்கு அந்தக் கல்வி கிடையாது. கடற்கரை நெடுக ஆழ்துளைக் கிணறு, ரிசார்ட், இறால் பண்ணை என்று உறிஞ்ச ஆரம்பித்ததும் மணலுக்குள் மிதந்த தண்ணீர் மெலிந்துபோனது. இறால் பண்ணைகளைப் பற்றி 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு ஒன்று சொன்னது, தோழர்களுக்கு நினைவிருக்கும். 2004 டிசம்பர் 26இல் சுனாமி தன் பங்குக்குக் கரையோரக் கிணறுகளில் உப்பை ஊற்றிவிட்டுப் போனது. பழைய குழி தூர்ந்ததற்குப் பக்கத்தில் புதுக் குழி பிறந்தது இப்படித்தான்.

இந்த ஊருக்கு வரலாறு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலருடைய கருத்து. அதே நூலில், கொற்கைப் பக்கம், உமணர் உப்பு வண்டியோடு வந்த குரங்கு உமட்டியரின் குழந்தைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆடுகிறது. அழகான காட்சி. உப்பு விற்கப் போகிறவனின் வண்டி, மாடு, குரங்கு எல்லாம் நமக்குத் தெரிகிறது. அந்த உப்பை வெயிலில் நின்று வாரியவள் தாகம் எடுத்தால் எங்கே போனாள் என்று உரையாசிரியர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். சோழர் காலத்துக்கு வந்தால் உப்பளத்துக்கு ‘அளம்’ என்று பெயர், உப்புக்கு ‘உப்பாயம்’ என்று வரி. மரக்காணம் பூமீசுவரர் கோயிலிலும் சோழர் கல்வெட்டு இருக்கிறது. கோயிலுக்கும் வரிக்கும் கல் கிடைத்திருக்கிறது.

கம்பெனிக்காரன் 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கினான். அதற்கப்புறம் உப்பு மண்ணைச் சுரண்டி எடுத்தாலும் குற்றம். கால்நடையாக வேலைக்குப் போகிற கூலிக்காரன், தான் மிதித்துக்கொண்டு போகிற உப்பைக் குனிந்து எடுத்தால் திருடன். 1876–78 பஞ்சம் தென்னாட்டை வாரிக்கொண்டு போனபோது நிவாரண வேலை என்று சொல்லிச் சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் சேர்க்கிற சுமார் எட்டு கிலோமீட்டர்க் கால்வாயை வெட்டவைத்தார்கள். அப்போது கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர்தான் கால்வாய்க்கு. ஆந்திரக் கரையிலிருந்து வருகிற அந்தக் கால்வாயின் தெற்கு முனை மரக்காணம். பஞ்ச வேலைக்கு 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, ஆண் ஒருவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோகூட இல்லை. பெண்ணுக்கு அதைவிடக் கம்மி. பஞ்சம் ஓய்வதற்குள், 1878இல், சென்னை மாகாணத்தில் உப்பு வரியை மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தினார்கள். கால்வாயில் உப்பும் விறகும் தோணியேறிச் சென்னைக்குப் போயின. 1965, 1966 புயல்களுக்குப் பிறகு தோணிப் போக்குவரத்தும் போயிற்று. கால்வாய் மட்டும் கிடக்கிறது, குடிக்க உதவாத தண்ணீரோடு.

உப்புக்கு நடந்த நடைப்பயணம் நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது: 1930, தண்டி, வேதாரண்யம், ராஜாஜி. மூன்று வருஷம் முந்தியே தண்ணீருக்கு ஒரு நடைப்பயணம் நடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு மகத் ஊரின் சவுதார் குளத்துக்குப் போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அந்தக் குளம் சட்டப்படி ஏற்கெனவே எல்லாருக்கும் திறந்த குளம். 1923இல் பம்பாய் சட்டசபை தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, தண்ணீர் குளத்தில் இருந்தது, நடுவில் ஊர் இருந்தது.

சென்னை மாகாணத்திலும் இப்படி ஒரு தீர்மானம் உண்டு. அதைக் கொண்டுவந்தவர் மரக்காணத்துக்கு வடக்கே, மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். 1924இல் சட்டசபையில் அவர் கொண்டுவந்த தீர்மானம் என்ன சொல்கிறது? பொதுச்சாலை, தெரு, பொதுக்கிணறு, குளம், பொது அலுவலகம் எதிலும் எந்த வகுப்பாரும் போகலாம், வரலாம், பயன்படுத்தலாம் என்கிறது. அரசாணையும் வந்தது. சாலையையும் கிணற்றையும் அவர் ஒரே தீர்மானத்தில் வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். தெருவில் நடக்க முடியாதவன் கிணற்றடிக்குப் போகமுடியாது என்று சேரியில் பிறந்தவருக்குத் தெரியும்.

அம்பேத்கருக்கும் தெரியும். 1901இல், சின்னப் பையனாக, அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்கு மாட்டுவண்டியில் போன கதையை எழுதியிருக்கிறார். ராத்திரி வண்டி சுங்கச்சாவடியில் நிற்கிறது. கூடையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. முஸ்லிம் என்று பொய் சொல்லிக் கேட்டும் சுங்கக்காரன் தரவில்லை. சாப்பாட்டைத் தொடாமல் பசியோடு படுத்தார்கள். நெடுஞ்சாலை, சுங்கம், தாகம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஈ.சி.ஆரில் போய்ப் பாருங்கள்.

சீனிவாசன் ஒன்றாக வைத்ததை அரசாங்கம் இரண்டாகப் பிரித்தது. சாலையைத் திறந்தார்கள். பஸ் வந்தது, டிக்கெட் வாங்கினால் யாரும் உட்காரலாம் என்றானது. அதுகூடச் சும்மா வந்துவிடவில்லை, அது வேறு கதை. தண்ணீரில் மட்டும் அரசாங்கம் குறுக்குவழி கண்டுபிடித்தது. ஊர்க்கிணற்றைத் திறக்கப் போனால் சண்டை வரும், அதற்குப் பதில் சேரிக்குத் தனிக்கிணறு வெட்டிக் கொடுத்துவிடலாம். 1920களில் லேபர் கமிஷனர் இலாகா வெட்டிய ‘ஆதிதிராவிடர் கிணறுகள்’ அப்படி வந்தவை. தாகத்துக்கு உதவியது உண்மை, குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிணற்றோடு இன்னொன்றும் சேர்ந்து வெட்டப்பட்டது. தனிக்கிணறு, பிறகு தனிக் கைப்பம்பு, தனிக்குழாய், தனி மேல்நிலைத் தொட்டி. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இல் வந்த பிறகும் தொட்டி தனிதான். தனித் தொட்டி என்றால் அதில் என்ன வேண்டுமானாலும் கலக்கலாம், கலந்தவன் வீட்டுக்கு அந்தத் தண்ணீர் போகாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் தொட்டியில் மலம் கிடந்ததே, அந்தத் தொட்டியின் வம்சாவளி நூறு வருஷம் பழையது.

இப்போது புதுக் குழிக்கு வருவோம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971இல் ஏற்பட்டது. அதற்குப் பிறகு கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று ஊர் ஊராகக் கோத்துக்கொண்டு போகும் நீளக் குழாய்கள் வந்தன. குழாய் பெரும்பாலும் சாலையோரமாகத்தான் போகும். புறம்போக்கு, தோண்டச் சுலபம். நீளக் குழாயில் மேடு வருகிற இடத்தில் காற்று வந்து தங்கும், தங்கினால் தண்ணீர் ஓடாது. காற்றை வெளியே விடத்தான் ஏர்வால்வு. உள்ளே ஒரு பந்து இருக்கும், காற்று போனதும் தண்ணீர் பந்தைத் தூக்கி வாயை அடைத்துவிடும். பந்து தேய்ந்தால் அடைப்பு சரியாக உட்காராது, ஒழுகும். அந்த ஒழுக்கைத்தான் டிரம் பிடிக்கிறது. இதே குழாயிலிருந்து பிரிகிற தண்ணீர் ஊர்த் தொட்டி ஏறி, ஊர்த் தெருக்களைச் சுற்றி, கடைசியில் காலனிக்கு வருகிறது. வழியில் எத்தனை வீட்டில் மோட்டார் வைத்து இழுக்கிறார்களோ அத்தனை மோட்டாரையும் தாண்டி வரவேண்டும். காலனிக் குழாயில் காற்றுதான் முதலில் வரும், சில நாள் காற்று மட்டும்தான் வரும். தண்ணீர் ஏறாததால் குழாயைத் தரைக்குக் கீழே இறக்கிக் குழி தோண்டிப் பிடிக்கிற தெருக்களைத் தமிழ்நாடு முழுக்கப் பார்க்கலாம். மெயின் குழாயிலோ அழுத்தம் இருக்கிறது. அதனால்தான் ரோட்டுக்கு வருகிறார்கள்.

சைக்கிள் டியூப் விஷயத்தை அங்கே நின்றிருந்த ஒரு அக்கா ஒரே வரியில் முடித்துவிட்டார். “கொயாய வெட்னா கேசு, தானா ஒய்வறத புடிச்சா இன்னா கேசு?” குழாயில் ஒரு கீறல் விழக்கூடாது. ஆள் வந்தால் டியூபை உருவி மடியில் செருகிக்கொள்ளலாம். மிச்சம் இருப்பது ஓர் உடைந்த டிரம், ஒரு கிழிந்த பேனர், குப்பை. குப்பை மாதிரி தெரிவதுதான் இந்த ஏற்பாட்டுக்குப் பாதுகாப்பு. அவசரத்தில் செய்ததென்று நினைத்துப் பார்த்த ஒவ்வொன்றும் யோசித்துச் செய்தது. இடமும் யோசித்த இடம்தான். ரோட்டோரம் ஊருக்கும் சொந்தமில்லை, சேரிக்கும் சொந்தமில்லை. எங்க தெருவுக்கு ஏன் வந்தே என்று கேட்க ஆளில்லை. சீனிவாசன் தீர்மானத்தில் நடைமுறைக்கு வந்த பாதி, அந்தச் சாலை, வராத பாதிக்கு இடம் கொடுத்திருக்கிறது.

ஆனால் இந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட முடியாது. பம்பை நிறுத்தும்போது குழாய் காலியாகும், அப்போது ஏர்வால்வு வெளியிலிருந்து காற்றை உள்ளே இழுக்கும். வால்வுப் பெட்டியில் மழைத்தண்ணீரோ கழிவோ நின்றால் அதையும் சேர்த்து இழுக்கும். இழுத்தது குழாய் வழியே எல்லா ஊருக்கும் போகும். இதைச் சொல்லித்தான் அதிகாரிகள் பெட்டியைக் கான்கிரீட் போட்டு மூடுகிறார்கள். சொல்கிற காரணம் சரி. மூடிய பிறகு காலனிக் குழாயில் அழுத்தம் வர என்ன செய்தார்கள் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். “லைன் போட்டாச்சு சார்” என்று பதில் வந்தது. லைன் போடுவது வேறு, தண்ணீர் வருவது வேறு. ஜல் ஜீவன் திட்டம் 2019இல் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்று சொன்னது. ஐந்து பேர் வீட்டுக்கு 275 லிட்டர். பதினைந்து லிட்டர்க் குடத்தில் பதினெட்டுக்கு மேல். வரிசையில் ஒரு வீட்டுக்கு இரண்டு குடம் கிடைத்தால் பெரிசு.

குடங்களில் பாதி வீட்டுக்குப் போவதில்லை, உப்பளத்துக்குப் போகிறது. கடல்தண்ணீர் பாமி அளவில் மூன்று டிகிரி. அது வெயிலில் வற்றி 24, 25 டிகிரிக்கு வந்தால்தான் உப்பு இறங்கும். தண்ணீரை அத்தனை டிகிரிக்கு வற்றவைக்கிற வெயில் வாருகிற உடம்பை மட்டும் விட்டுவிடுமா? அங்கே கூலிக்கு நிற்பவர்களில் தலித்துகளும் உண்டு, மற்ற சாதி ஏழைகளும் உண்டு. பாத்தியில் எல்லாருக்கும் கால் ஒரே மாதிரிதான் வெடிக்கிறது. வேலை முடிந்து தண்ணீருக்குப் போகும்போதுதான் தெரு பிரிகிறது.

உப்பளமும் தொழிற்சாலைதான், கூரையும் சுவரும் இல்லாவிட்டாலும் 1948 தொழிற்சாலைச் சட்டம் பொருந்தும் என்று 1961இல் உச்ச நீதிமன்றம் பம்பாய் மாநில வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு குடிநீரைப் பற்றியது. வசதியான இடத்தில் வைக்க வேண்டும், தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியில் ‘குடிநீர்’ என்று எழுத வேண்டும், கக்கூசிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இருநூற்றைம்பது பேருக்கு மேலிருந்தால் கோடையில் குளிர்ந்த நீர். மின்சாரம் இல்லாத இடத்தில் இருபது பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்பதும் அதே சட்டம்தான். துண்டு துண்டாகக் குத்தகைக்குப் போன பாத்திகளில் யார் தலையை எண்ணி இருபது ஆக்குவது? அந்தச் சட்டம் இருந்த காலமெல்லாம் இப்படியே போயிற்று. பிறகு 2020இல் இயற்றிய தொகுப்புச் சட்டம் அதை விழுங்கியது. மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளிக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று 2022இல் வந்தது, அது ஒன்று கையில் கிடைத்த சங்கதி. இதே சாலையில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் திறந்தார்கள், நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர். 2024இல் பக்கத்திலேயே இன்னொன்று, பதினைந்து கோடி லிட்டர். இரண்டும் சென்னைக்கு.

சாலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1998இல் சென்னை–பாண்டி ஈ.சி.ஆர். திறந்தபோது அதைக் கடற்கரையின் வளர்ச்சி என்றார்கள். 2013 ஏப்ரல் 25, சித்திரை முழுநிலவு. மாமல்லபுரத்தில் நடந்த வன்னியர் சங்க விழாவுக்குக் கூட்டம் இதே சாலையில் போனது. மரக்காணம் கட்டையன் தெருவில் தலித் வீடுகள் எரிந்தன. ரோட்டோரம் தண்ணீர் எடுப்பதென்றால் ரோட்டோரம் நிற்பது. ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் விட்டால் இரண்டு மணிக்கு நிற்பது. லாரியின் ஹெட்லைட்டுக்கு முன்னால், குடிபோதையில் கார் ஓட்டுகிறவனுக்கு முன்னால், இன்றைக்கு எந்த ஊர்வலம் போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது. அந்த நிற்றலுக்குப் பெண்களைத்தான் அனுப்புகிறோம் என்பதை நம்ம ஆம்பளைத் தோழர்களும் கொஞ்சம் யோசிக்கலாம்.

2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை மரக்காணம்–புதுச்சேரி 46 கிலோமீட்டரை நாலுவழிச் சாலையாக்க 2,157 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. சாலை அகலமானால் ஓரத்துக் குழாயைப் பெயர்த்து வேறு இடத்தில் போடுவார்கள், ஏர்வால்வும் இடம் மாறும். பட்டா நிலத்துக் கிணற்றுக்கும் தென்னைக்கும் சுவருக்கும் அதிகாரி வந்து விலை எழுதுவார். புறம்போக்கில் இருக்கிற டிரம்முக்கு எந்தப் பத்தியில் எழுதுவார்? அளவுக்கல் நடுவதற்கு முன்னாலேயே இந்தக் குழிகளை நாம் எண்ணியாக வேண்டும். திண்டிவனம், வானூர், மரக்காணம் பக்கத்து மாணவத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் கிளம்பினால் போதும். எந்த மைல்கல் பக்கம், எத்தனை குடம், எத்தனை மணிக்குத் தண்ணீர், எந்தத் தெருக்காரர்கள், தெருக்குழாயில் கடைசியாகத் தண்ணீர் வந்தது என்றைக்கு, பழைய மணற்கிணறு பக்கத்தில் உண்டா இல்லையா. எழுதிக்கொண்டு வாருங்கள், பட்டியலைச் சேர்த்து அடுத்த கிராமசபையில் படிப்போம்.